மஞ்சளில் நனைத்த கோடி

படகு புறப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் எழுந்துபோய்ச் சாயா டம்ளர்களைக் கழுவத் தொடங்கிவிட்டேன்.

"ஏலே, இரி அங்கின" என்றான் மணி. "டூர் வந்தவன் பாத்திரம் கழுவப்பிடாது."

"நாலு டம்ளர்தானடே."

"நாலோ நாப்பதோ, அது சூசைக்க வேலை. நீ ஆத்தைப் பாரு."

ஆற்றைப் பார்த்தேன். மலையில் பாறைக்குப் பாறை முட்டிக்கொண்டு இறங்குகிற ஆறு, தேங்காப்பட்டணம் பக்கம் வரும்போது அகன்று, நடை தளர்ந்து, காயலாகக் கிடந்தது. இரண்டு கரையிலும் தென்னை. ஓரத்துத் தென்னைகளின் வேரைத் தண்ணீர் அரித்து வெளியே எடுத்திருந்தது. எங்கோ கயிற்றுக்காகத் தேங்காய் மட்டைத் தொண்டு ஊறுகிற நாற்றம், அதன்மேல் எஞ்சினின் டீசல் வாடை. வெயில் இன்னும் ஏறவில்லை.

நல்ல இடம்தான். ஆனால் ஓர் இடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது.

சென்ற இதழில், திரிபுரா மலையில் ரப்பர் வெட்டப் போன கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அதைத் தொடரத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, அந்த மலையில் எனக்கு வந்த ஒரு செய்தியும் அதற்கு எட்டு மாதம் கழித்து ஏறிய இந்தப் படகும்தான் முன்னால் வந்து நின்றன. ஆகவே இந்த வாரம் படகு.

ஒரே பெஞ்சு

படகில் நாங்கள் நான்கு பேர். வைகுண்டமணி வடசேரி சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவன். கிறிஸ்துதாஸ் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து சமீபத்தில் ஓய்வு பெற்றவன். மூன்றாவது நான். மூன்று பேரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவர்கள் மேலே படித்தார்கள். நான் பள்ளியின் பின்மதிலைத் தாண்டி லாரி ஏறினேன். நான்காவது ஆள் படகுக்காரன் சூசை. அவனை அன்றுதான் பார்த்தேன்.

சூசையின் படகு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஃபைபர் படகு. அதற்கு மேலே தகரம் போட்டு, நான்கு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டி, பின்னால் ஒரு கேஸ் அடுப்பும் வைத்துச் சுற்றுலாப் படகாக்கியிருந்தான். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். மணிக்கு அது வயிற்றில் பூட்டவில்லை.

"இந்த ஆத்துல முதலை உண்டுமான்னு டூர் வாற ஆளுக எல்லாம் கேப்பாங்க அண்ணே" என்றான் சூசை.

"நீ என்ன சொல்லுவ?"

"பொம்பளைப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தா உண்டும்பேன். பயந்து ஒட்டி இருப்பாங்க. உங்களை மாதிரி ஆளுகன்னா இல்லேம்பேன்."

கிறிஸ்துதாஸ் சிரிக்கவில்லை. வழக்கமாக அவன்தான் முதலில் சிரிப்பான். முப்பது வருடம் பேருந்தில் கத்தி உரத்துப்போன தொண்டை அவனுடையது. அன்று காலை அவன் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அடுக்களைப் பக்கம்

இதுபோன்ற படகை எனக்கு முன்பே தெரியும். ஆனால் பின்பக்கமாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஆலப்புழையில் ஒரு வீட்டுப்படகில் ஆறு மாதம் பாத்திரம் கழுவினேன். முன்னால் மெத்தையில் சாய்ந்து கிடப்பவர்கள் கொக்கைப் பார்ப்பார்கள். நான் பின்னால் குந்தியிருந்து அவர்கள் தின்று போட்ட மீன் முள்ளைப் பார்ப்பேன். சோப்பு நுரை ஆற்றில் விழுந்து எங்களுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் வரும். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட நான் படகின் முன்பக்கம் உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு முள்ளாக இருந்தது. டம்ளரைப் பிடுங்கினால் வெங்காயம் உரித்தேன். வெங்காயத்தைப் பிடுங்கினால் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன்.

"இவனை ஒரு மணிக்கூர் சும்மா இருத்த முடியாது" என்று மணி சூசையிடம் சொன்னான். "சின்னதுலயே அப்படித்தான். வாத்தியாரு போர்டுல எழுதத் திரும்பினா இவன் ஜன்னல் வழியா வெளிய நிப்பான்."

போகாத வீடு

இப்போது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக நான் ஒரு வீட்டுக்குப் போகாமல் இருந்தேன். அது என் அக்கா தங்கம்மையின் வீடு. திற்பரப்பில், அருவிக்குக் கொஞ்சம் மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது.

எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு வீடு என்று ஒன்று கிடையாது. ஊர் சுற்றிவிட்டு எப்போது திரும்பினாலும் அவள் வீட்டுக்குத்தான் போவேன். எங்கே போனாய், ஏன் எழுதவில்லை என்று கேட்கமாட்டாள். "சட்டையைக் கழத்து, சோப்புல முக்கணும்" என்பாள். அவ்வளவுதான் வரவேற்பு. நான் போகும் இடத்துக்கெல்லாம் அவள் கொடுத்துவிடும் வாழைக்காய் வற்றல், கிறிஸ்துதாஸின் பேருந்தில்தான் நாகர்கோவில் வரை வரும். அங்கிருந்து மணியின் கடை வழியாக லாரி ஏறும். டிக்கெட் போடாத பார்சல் என்று கிறிஸ்துதாஸ் அவளை மிரட்டுவான். "தம்பிக்குத் தம்பி டிக்கெட் போடுவானாடே?" என்று அவள் கேட்பாளாம்.

அவள் இறந்தபோது நான் திரிபுராவில் இருந்தேன். காலையில் எழுந்து சமையல் செய்தவள் மதியத்துக்குள் போய்விட்டாள். எனக்குச் செய்தி வந்தது பன்னிரண்டாம் நாள். அந்த மலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும்தான் போன் எடுக்கும். என் போனோ மழையில் நனைந்து செத்துக் கிடந்தது. வேறொருவன் போனில், என் ஊர்க்காரன் ஒருவன் அனுப்பியிருந்த கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில், அக்கா எப்போது இந்தப் படம் எடுத்தாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடியலில் கத்தியை எடுத்துக்கொண்டு பால் வடிக்க மரம் வெட்டப் போனேன். போகாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்கும் மறுநாள் கணக்கை முடித்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வரவேண்டும். அதைக் கோடி என்போம். பெட்டி நிறையப் பட்டு இருந்தாலும், கடைசியாக அவள்மேல் கிடக்கவேண்டியது அந்தச் சேலைதான். அப்பா இல்லையென்றால் அண்ணனோ தம்பியோ கொண்டுவர வேண்டும். என் அம்மாவுக்குக் கோடி கொண்டுவந்த மாமா பேருந்து கிடைக்காமல் இருட்டும் நேரத்தில்தான் வந்தார். அதுவரை எடுக்காமல் காத்திருந்தார்கள். அவர் துணிப்பையோடு முற்றத்தில் கால் வைத்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழியில் நடக்கவேண்டிய ஆள் ஒருவன்தான்.

என் அக்காவுக்கு அந்த ஆள் நான்.

நாகர்கோவிலில் வந்து இறங்கிய அன்று, வடசேரி பேருந்து நிலையத்தில் தூரத்து உறவுக்காரி ஒருத்தி என்னைப் பார்த்தாள். "வந்தியா? கோடி போட ஆளில்லாமத்தானே போனா உனக்க அக்கா" என்றாள். அவள் அடக்கத்துக்குப் போயிருந்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருந்தது? எனக்குத் தெரிந்த கணக்குத்தானே அது.

அடுத்த நாள் திற்பரப்புக்குப் பேருந்து ஏறினேன். சந்திப்பில் இறங்கினேன். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஆட்கள் சிப்ஸ் தின்றுகொண்டு நின்றார்கள். ஒரு சாயா குடித்தேன். வந்த அதே பேருந்தில் திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு மணியின் கடைக்கு மேலே உள்ள சாக்கு அடுக்கும் மாடியில் படுக்கை. அக்காவின் கணவர், என் அத்தான், ஏழெட்டுத் தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பிறகு அவரும் நிறுத்திவிட்டார். யாராவது அக்கா பேச்சை எடுத்தால் எழுந்து நடந்துவிடுவேன். சண்டை போடமாட்டேன், சும்மா எழுந்து போவேன், அவ்வளவுதான். நடக்கத் தெரிந்தவனுக்கு அது எளிது. ஒருமுறை மணி சோற்றுக்கு நடுவில் அவள் பெயரைச் சொன்னான். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து முட்டம் கலங்கரை விளக்கம் வரை போய்விட்டேன்.

மீனுக்கு முன்னால் ஜெபம்

இப்படி இருந்தவனைத்தான் அவர்கள் படகுக்கு அழைத்தார்கள். "உனக்கொரு மாறுதல் வேணும் மக்கா. ரெண்டு நாளு. மீன் பொரிச்சுத் திம்போம், ஆத்தைப் பாப்போம், வருவோம்" என்றான் மணி.

நான் மாட்டேன் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. திற்பரப்பில் விழுகிற கோதையாறு கீழே வந்து கலப்பது இந்த ஆற்றில்தான். அக்கா துணி துவைத்த துறையைத் தாண்டித்தான் இந்தத் தண்ணீர் வருகிறது. அதன்மேல் உட்கார்ந்து மீன் தின்ன எனக்கு மனம் ஒப்பவில்லை.

மணி கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டான். படுக்க வேறு இடமில்லை. போனேன்.

முதல் நாள் மதியம் சூசை கரிமீனும் மரச்சீனிக் கிழங்கும் செய்திருந்தான். வாழையிலையில் மீன் எண்ணெய் மினுங்க வந்து விழுந்தது. கிறிஸ்துதாஸ் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினான். அவன் ஜெபம் எப்போதும் நீளம். மழை, விளைச்சல், ஆட்சியாளர்கள் எல்லாம் முடிந்துதான் சாப்பாட்டுக்கு வரும்.

"ஏ கிறிஸ்துதாஸே" என்றான் மணி. "மீன் செத்து நாலு மணிக்கூர் ஆச்சு. இனி அதுக்கு ஜெபம் பண்ணி என்ன காரியம்?"

"பேசாம இரிலே. ...எங்க சகோதரன் சுயம்புவுக்கும் நீர் ஆறுதல் தரணும் ஆண்டவரே. அவனுக்க அக்கா..."

அவன் அதோடு நின்றுவிட்டான். ஆமென் இல்லை. கண்ணைத் திறந்து மீனைப் பிய்த்தான். மணி அவனை ஒரு பார்வை பார்த்தான். நான் எழுந்து நடக்க வழியில்லாமல் படகின் பின்பக்கம் போய் நின்றேன். பின்பக்கம் என்பது ஆறு எட்டுத் தூரம்தான்.

அன்று சூசையின் மச்சான் வீட்டில் படுத்தோம். மறுநாள் காலை மீண்டும் படகு.

பொழிமுகத்தில்

ஆறு கடலைத் தொடுகிற இடத்தைப் பொழி என்பார்கள். மணல் திட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு அசையாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது. பத்து மணி இருக்கும். சூசை அங்கே எஞ்சினை நிறுத்தினான். நிறுத்தியதும் அலைச் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது.

மணி நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

"இப்பம் நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?" என்றான் கிறிஸ்துதாஸிடம்.

"நீ சும்மா இரி. நான் சொல்லுகேன்."

"என்னது?" என்றேன்.

"உனக்க அக்கா காரியம்" என்றான் மணி.

நான் எழுந்தேன். படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. "அண்ணே, இரிங்க, மறிஞ்சிரும்" என்று சூசை கத்தினான்.

"எங்க போவ?" என்றான் மணி. அவன் குரலில் விளையாட்டு இல்லை. "இதுக்குத்தான்டே படகு. கரையில வச்சு எட்டு மாசமா சொல்லப் பாத்தாச்சு. வாயைத் திறந்தா நீ முட்டத்துல போய் நிக்க. இப்பம் நடந்து போ பாப்போம்."

உட்கார்ந்தேன்.

கிறிஸ்துதாஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சுயம்பு, அக்காளுக்குக் கோடி போட்டாச்சு."

"ஆரு போட்டா?"

"நான்."

அவன் பக்கம் திரும்பினேன். அவனே பேசினான்.

"ரிட்டயர் ஆவ ரெண்டு மாசம் இருந்துது. குலசேகரத்துல பஸ்ல ஏறின ஆளு சொல்லி அறிஞ்சேன். உடனே உனக்குப் போன் அடிச்சேன், கிட்டல்ல. எத்தனை தடவைன்னு ஓர்மை இல்ல. பின்ன யோசிச்சேன். இவனை விட்டா அவளுக்குப் பொறந்த வீடுன்னு ஆரு இரிக்கு? டூட்டியை மாத்திக் குடுத்துட்டு, மார்த்தாண்டத்துல ஜவுளிக்கடையில ஏறினேன். அடக்கத்துக்கு ஒரு சேலை வேணும்னேன். ஆருக்குன்னு அந்தப் பிள்ளை கேட்டா. எனக்க அக்காளுக்குன்னேன்."

"ம்."

"கழுத்துல சிலுவைச் செயின் கிடக்கு. அவ அதைப் பாத்தா. வெள்ளைச் சேலை எடுத்துத் தந்தா. கொள்ளாம், நல்லாருக்குன்னு வாங்கினேன். நல்ல சேலை, வெள்ளி ஜரிகை வச்சது. எனக்க அம்மையை அடக்கம் பண்ணினதும் வெள்ளையிலதான். எனக்கு வேற ஒண்ணும் தோணல்ல மக்கா."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மிஷன் சபை வீடுகளில் இறந்த பெண் யாராக இருந்தாலும் வெள்ளை உடுத்துவார்கள், அதுதான் அவர்களுக்கு நல்ல உடுப்பு. எங்கள் வீடுகளில் வெள்ளை, கணவனை இழந்தவளுக்கு. தாலியோடு போகிறவளுக்கு நிறச்சேலைதான் வேண்டும்.

"வீட்டு முத்தத்துல நுழைஞ்சேன்" என்றான் கிறிஸ்துதாஸ். "ஆளுக விலகி வழி விட்டாங்க. ஒரு பெரியம்மை சேலையை வாங்கிப் பிரிச்சா. பிரிச்சதும் ஒரு கத்து. 'கட்டினவன் உயிரோட நிக்கான், தாலியோட போறவளுக்கு வெள்ளையா கொண்டு வந்திரிக்க?' வீடு முழுக்க என்னைப் பாக்குது. பூமி பிளந்து உள்ள போயிரலாம்போல இருந்துது. அப்பம் உனக்க அத்தான் உள்ளேருந்து வந்தாரு. ஆரு குடுத்துவிட்டதுன்னு கேட்டாரு."

அவன் நிறுத்தினான்.

"சொல்லுடே" என்றான் மணி.

"சுயம்பு போன்ல சொன்னான், அவனால வர முடியல்ல, நான் கொண்டு வந்தேன்னு சொல்லிட்டேன்."

நான் கத்தினேன். "எனக்க பேருல பொய் சொல்ல உனக்கு ஆருலே அதிகாரம் தந்தது? தெரிஞ்சும் வராம இருந்தேன்னுதானே அந்த வீடு நினைச்சிருக்கும்?"

"நினைச்சிருக்கும்" என்றான். "அது எனக்க ரெண்டாவது தப்பு. வெள்ளை வாங்கினது ஒண்ணு. இது ரெண்டு. அதான் உனக்க முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல்ல."

"முழுசும் கேளு மொதல்ல" என்றான் மணி என்னிடம்.

"அத்தான் சேலையை எடுத்துட்டு அடுக்களைக்குப் போனாரு. நானும் பின்னால போனேன். ஒரு சருவப் பானையில வெள்ளம் கோரினாரு. மஞ்சப்பொடிப் பாக்கெட்டை அப்படியே தட்டினாரு. அவருக்க கையாலயே முக்கினாரு. அவரு ஒரு நுனி, நான் ஒரு நுனி புடிச்சுப் பிழிஞ்சோம். காயப்போட நேரமில்ல. ஈரத்தோட தந்து, போய்ப் போடுன்னாரு. போட்டேன். நாலு நாளு கையில மஞ்ச போகல்ல. ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்குக் கையை நீட்டுனா, பாஸ்டரு கையையே பாக்காரு."

"கல்யாண வீட்டுக்குப் போனேன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றான் மணி.

யாரும் சிரிக்கவில்லை. சூசை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டான்.

எனக்குள் கோபம் இருந்தது. அதன் அடியில் வேறு ஏதோ அசைந்தது. கேட்க எத்தனையோ இருக்க, நான் கேட்டது இதுதான்:

"மஞ்ச எல்லா இடமும் பிடிச்சுதா?"

"இல்ல" என்றான். "அங்கங்க திட்டுத் திட்டா. ஜரிகைப் பக்கம் பிடிக்கல்ல."

அந்தச் சேலை எனக்குக் கண்ணில் தெரிந்தது. எட்டு மாதமாக அக்காவை நினைத்தாலே, மேலே ஒன்றும் இல்லாமல் வெறுமையாகக் கிடப்பவளாகத்தான் தெரிந்தாள். இப்போது ஒரு சேலை வந்து அவள்மேல் விழுந்தது. திட்டுத்திட்டாக, ஈரமாக, வெள்ளி ஜரிகையோடு. அவள் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அத்தானுக்கு அன்றே தெரியும்

"இன்னும் இரிக்கு" என்றான் கிறிஸ்துதாஸ். "பதினாறாம் நாளு போனேன். உண்மையைச் சொல்லிருவோம்னு. அத்தான் காலடியில இருந்து, சுயம்பு போன் பண்ணல்ல, நானாத்தான் வந்தேன்னு சொன்னேன். அதுக்கு அவரு, 'அன்னைக்கே தெரியும்'னாரு."

"எப்படி?"

"'போன் பண்ணியிருந்தா சுயம்பு வெள்ளை வாங்கச் சொல்லியிருக்க மாட்டான்'னாரு."

அலை ஒன்று மணல் திட்டின்மேல் ஏறி, இந்தப் பக்கம் கொஞ்சம் வழிந்தது.

"பெரியம்மை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வந்தா. கோடி போட்டவன்தானே, எண்ணெயும் இவனே வைக்கட்டும்னா. அத்தான் சம்மதிக்கல்ல. 'கோடி காத்திரிக்காது, அதனால நீ போட்ட. எண்ணெய் காத்திரிக்கும். அவன் வந்து வைக்கட்டும்'னாரு."

பதினாறு கழிந்ததும் துக்க வீட்டு ஆட்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பார்கள். அதோடு துக்கம் கழிந்தது. பிறகு மீன் சமைக்கலாம், நல்லது கெட்டதுக்குப் போகலாம். மனைவியை இழந்தவனுக்கு அந்த எண்ணெயை வைக்கவேண்டியது அவள் பிறந்த வீட்டு ஆள். இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது, நான் இல்லாமலே முடித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பின்ன ஆரு வச்சா?" என்றேன்.

"ஆரும் வைக்கல்ல" என்றான் மணி. "எட்டு மாசமா அந்த மனுசன் வெறும் வெள்ளத்துலதான் குளிக்காரு. வீட்டுல மீன் வாங்கல்ல. தங்கச்சி மகளுக்க கல்யாணத்துக்குப் போகல்ல. ஏழெட்டு தடவை உனக்குப் போன் பண்ணினது இதுக்குத்தான்டே."

நான் கரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். யாரும் எதுவும் சொல்லாமலே சூசை எஞ்சினைத் தட்டினான்.

"எங்க போறே?" என்றேன்.

"கரைக்கு" என்றான். "டூர் முடிஞ்சுல்லா அண்ணே."

வறண்ட தலை

கரையில் மணியின் சரக்கு வண்டி நின்றது. மூன்று பேரும் முன்னால் நெருங்கி உட்கார்ந்தோம். மார்த்தாண்டத்தைத் தாண்டும்போது கிறிஸ்துதாஸ் அந்த ஜவுளிக்கடையைக் கையால் காட்டினான். குலசேகரத்தில் இறங்கி ஒரு குப்பி நல்லெண்ணெய் வாங்கினேன். குப்பி எவ்வளவு பெரியது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒரு தலைக்கு என்றேன்.

மதியம் தாண்டியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போகிற சந்தில் ரப்பர் மரங்களின் சிரட்டைகளில் பால் உறைந்து கிடந்தது. அத்தான் முற்றத்தில் கயிறு கட்டி ரப்பர் ஷீட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தலை நிறைய முடி. அது நரைத்துச் செம்பட்டையாகி, கயிறு திரிக்க உடைத்த தொண்டுநார்போல நின்றது.

என்னைப் பார்த்தார். பிறகு குப்பியைப் பார்த்தார்.

"வந்தியா" என்றார்.

"வந்தேன் அத்தான்."

கையில் இருந்த ஷீட்டைக் கயிற்றில் போட்டு, மூலையை இழுத்து நேராக்கினார். சட்டையைக் கழற்றினார். கிணற்றடியில் துவைகல்லின்மேல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அக்காவின் மகள் சுஜா நிலைப்படியில் வந்து நின்றாள். தாயின் முகம் அவளுக்கு. உள்ளே போனாள்.

எனக்கு முறை ஒன்றும் தெரியாது. உள்ளங்கையைக் குழித்து எண்ணெயை ஊற்றி அவர் உச்சியில் வைத்தேன். தலை சூடாக இருந்தது. முதல் கை எண்ணெயை அது அப்படியே குடித்துவிட்டது. இரண்டாவதையும் குடித்தது. மூன்றாவதில்தான் முடி படிந்து, ஒரு சொட்டு காதோரம் இறங்கியது. ரப்பர்ப் பாலும் புகையும் சேர்ந்த வாடை மெல்ல அடங்கி எண்ணெய் மணம் எழும்பியது.

"போன் எடுக்கல்ல அத்தான்" என்றேன்.

"எடுத்திருந்தா என்ன பேசியிருப்போம்? பைய தேய். அழுக்கு நிறைய இரிக்கும்."

தேய்த்தேன். அவர் தோள் குலுங்கியது. நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "கிறிஸ்துதாஸ் வந்திரிக்கானா?"

"இன்னா நிக்கேன் அத்தான்."

"சுயம்பு, அவனுக்கும் வை. கோடி போட்டவன் எண்ணெய் வாங்காம போப்பிடாது."

கிறிஸ்துதாஸ் தொப்பியைக் கழற்றினான். உள்ளே ஒரு முடி கிடையாது. "எனக்கு எங்க வைக்க?" என்றான்.

"பஸ் போற ரோடுமாதிரி வழுக்கிட்டுக் கிடக்கு" என்றான் மணி. "சும்மா வைடே. பாஸ்டர் கேட்டா மீனெண்ணெய்னு சொல்லிக்கிடுவான்."

கிறிஸ்துதாஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினான். வாய் ஏதோ முணுமுணுத்தது. மழை, விளைச்சல், ஆட்சியாளர்கள் எதுவும் அதில் இல்லை என்று நினைக்கிறேன், சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் மீதி எண்ணெயை அந்த மொட்டைத் தலையில் ஊற்றி இரண்டு கையாலும் தேய்த்தேன்.

அடுக்களையிலிருந்து சுஜாவின் குரல் வந்தது. "அப்பா, எத்தனை பேருக்குச் சோறு வைக்கணும்?"

அத்தான் எண்ணெய் வழிகிற முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மைக்க பொறந்த வீட்டு ஆளு ரெண்டு பேரு" என்று உரக்கச் சொன்னார். "பின்ன ஒரு காய்கறிக் கடைக்காரன்."